எழுத்தெண்ணிச் சொல் தேடிய வரலாறு

அகராதி என்பது சொல்லின் தலையைப் பிடித்துத் தேடுவார்க்கு உதவும் நூல். முதலெழுத்துத் தெரிந்தவர் அதனைத் திறந்தால் வேண்டிய சொல்லைச் சென்றடைவர். முதலெழுத்துத் தெரியாதவர்க்கோ அது பூட்டிய பேழை. எட்டெழுத்தாலாகிய ஆங்கிலச் சொல் ஒன்று. அதன் மூன்றாம் எழுத்தும் ஐந்தாம் எழுத்தும் மட்டும் தெரியும். சொல் யாது என்று ஒருவர் வினவினால், 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு அகராதியும் வாய் திறவாது. பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

இவ்வாறு எழுத்தை எண்ணிச் சொல்லைத் தேடுவது வேலையற்றோர் வேலை என்று சிலர்க்குத் தோன்றலாம். ஆயினும் ஆங்கில மொழியில் இத்தேட்டம் நெடுங்காலமாகப் பல உருவங்களில் தொடர்ந்து வந்திருக்கிறது. போர்க்காலத்தில் ஒருமுறை அது பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரை உளவுத்துறையினர் முன்னே நிறுத்தியும் விட்டது. அந்நிகழ்ச்சியை விளங்கிக் கொள்வதற்கு அதன் முன்கதையை ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும்.

ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதியை 1604இல் வெளியிட்டவர் ராபர்ட் கௌட்ரி என்பவர். அவரும் ஒரு பள்ளி ஆசிரியரே. ஏறத்தாழ 2,500 சொற்களே கொண்ட அந்தச் சிறு நூலின் முன்னுரையில் அவர் படிப்பவர்க்கு ஒரு பாடமே நடத்துகிறார். எழுத்து வரிசையை நூலைப் பாராமல் சொல்லும்படி மனப்பாடம் செய்து கொள்ள வேண்டும். தேடும் சொல் ஏ என்னும் எழுத்தில் தொடங்கினால் நூலின் தொடக்கத்திலும், வி என்னும் எழுத்தில் தொடங்கினால் இறுதியை ஒட்டியும் பார்க்க வேண்டும். அவ்வாறே இரண்டாம் எழுத்தையும் நோக்க வேண்டும் என்கிறார். இன்று நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த இச்செய்தியை அன்று வளர்ந்தவர்களுக்கு எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. அகர வரிசை மனிதனுக்கு இயற்கையாக வந்ததன்று, பழகிக் கொண்டது.

பழகிக் கொண்டதை மாற்றியும் பழகலாம் அன்றோ? நாடக நடிகராயிருந்து பின்னர்ப் பேச்சுக்கலை ஆசிரியரான ஜான் வாக்கர் 1775இல் ஓர் அகராதியை வெளியிட்டார். அதிலே சொற்கள் கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கி வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. ஒரே ஈறுடைய சொற்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடி நின்றன. இயைபுத் தொடை தேடும் கவிஞர்க்கு அது பெருந்துணையாயிற்று. நம் சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதி, சொற்களை இரண்டாம் எழுத்தாகிய எதுகையால் வரிசைப்படுத்தியிருப்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர். அடியெதுகை வேண்டிய மொழியில் இரண்டாம் எழுத்தும், அடியிறுதி இயைபு வேண்டிய மொழியில் கடைசி எழுத்தும் தேடுவதற்குரிய வாயில்களாயின. தேவை எதுவோ அதற்கேற்ற வாயிலைப் புலவர்கள் திறந்து கொண்டார்கள் எனலாம்.

ஆனால் சொல்லின் நீளமும் நடுவிலுள்ள சில எழுத்துகளும் மட்டுமே தெரியும் என்ற நிலைக்கு இவ்விரு வாயில்களும் போதா. கணக்கை நோக்குக. ஆங்கில எழுத்துகள் 26. ஒரு சொல்லில் ஓரெழுத்து மட்டும் தெரியாதாயின் 26 எழுத்துகளையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிடலாம். இரண்டு தெரியாவிடின் 676 வகை, மூன்றாயின் 17,576, நான்காயின் 456,976. இவற்றுள் சொல்லாக அமைவன மிகமிகச் சிலவே. பழகிய கண் மற்றவற்றை எண்ணாமலேயே தள்ளிவிடுகிறது. க்யூ என்னும் எழுத்தைக் கண்டால் அடுத்து யு வரும் என்று அதற்குத் தெரியும்; உயிரெழுத்து ஒன்றும் இல்லாமல் ஐந்து மெய்கள் அடுக்கி நில்லா என்றும் தெரியும். ஒரு மொழியின் எழுத்துக் கூட்டத்தை அறிந்தவர் என்று ஒருவரைச் சொல்வது இந்தத் தள்ளும் திறனைக் கருதியே.

இங்கு ஒரு சிறு குறிப்பு. ஆங்கில எழுத்துகளின் பெயர்களைத் தமிழில் எழுதும்போது அவர்களுடைய நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் ஒன்றுபோல் ஆகிவிடும். ஆதலால் நான்காம் எழுத்து டி எனவும், இருபதாம் எழுத்து டீ எனவும் இக்கட்டுரையில் குறிக்கப்படும்.

இத்திறனைக் கதையாக்கி உலகறியச் செய்தவர் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ. 1843இல் வெளிவந்த தங்க வண்டு என்னும் சிறுகதையில், கடற்கொள்ளையன் புதைத்த செல்வத்தின் இடத்தைக் கூறும் இரகசிய ஓலை ஒன்று லெக்ராண்ட் என்பவன் கையில் கிடைக்கிறது. எழுத்துகளுக்குப் பதிலாக எண்களும் குறிகளும் அதில் நிறைந்திருக்கின்றன. அவன் முதலில் எண்ணுகிறான். ஒரு குறி 33 முறை வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்து ஈ; ஆகவே அக்குறி ஈ என்று கொள்கிறான். மூன்று குறிகள் ஒரே வரிசையில் மீண்டும் மீண்டும் வந்து அந்த ஈ-யில் முடிகின்றன. அது டீ-எச்-ஈ என்னும் சுட்டுச்சொல்லாகவே இருத்தல் வேண்டும். இப்போது மூன்றெழுத்து கைக்கு வந்துவிட்டது. பின்னர் ஓரிடத்தில் டீ, தெரியாத ஒன்று, ஈ, ஈ, டீ, எச் என்று ஆறு வருகின்றன. வெற்றிடத்தில் எந்த எழுத்தை வைத்தாலும் ஆங்கிலச் சொல் ஆகவில்லை. எனவே ஈற்றிலுள்ள டீ, எச் இரண்டும் அடுத்த சொல்லைச் சேர்ந்தவை என்று விலக்கிவிட்டு, எஞ்சிய நான்கெழுத்துச் சொல்லைப் பார்க்கிறான். எழுத்து வரிசை முழுவதையும் வைத்துப் பார்த்தபோது ஆர் ஒன்றுதான் பொருந்துகிறது. டீ-ஆர்-ஈ-ஈ, அதாவது மரம் என்னும் பொருளுடைய சொல் வெளிப்படுகிறது. எழுத்தெண்ணிக்கையும் சில எழுத்துகளும் கொண்டு ஒரு சொல்லைப் பிடிக்கும் முறையை இதனினும் தெளிவாக விளக்கிய பாடம் அரிது.

போவுக்குப் பின் இங்கிலாந்தில் லூயிஸ் கரோல் இதனை விளையாட்டாக்கினார். ஆலிஸ் கதைகளை எழுதிய கணித ஆசிரியர் அவரே. ஒரு சொல்லில் ஒரு முறைக்கு ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, இடையில் வருவனவும் சொல்லாகவே அமையும்படி மற்றொரு சொல்லை அடைய வேண்டும் என்பது 1879இல் வேனிட்டி ஃபேர் என்னும் இதழில் அவர் தந்த புதிர். தலையை வாலாக மாற்றுக என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. ஐந்து மாற்றத்தில் ஆங்கிலத் தலை ஆங்கில வாலாகிவிடுகிறது! விளையாட்டு பரவியதும் எது சொல், எது சொல்லன்று என்ற வழக்கு வந்தது. ஆகவே ஏற்கத்தக்க சொற்களின் பட்டியல் ஒன்றை அவரே தொகுத்து அச்சிட வேண்டியதாயிற்று. பொருள் கூறுவதற்காக அன்றி, ஒரு சொல் உண்டா இல்லையா என்பதைத் தீர்ப்பதற்காகவே எழுந்த பட்டியல் அது. பிற்காலத்தில் இவ்வகைப் பட்டியல்களே இத்துறையை ஆண்டன.

குறுக்கெழுத்துப் புதிரின் தோற்றம் பலரும் அறிந்தது. லிவர்ப்பூலில் பிறந்து அமெரிக்கா சென்ற ஆர்தர் வின் என்பவர், 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் வைர வடிவான கட்டங்களை வரைந்து அச்சிட்டார். 1924இல் முதல் புதிர்ப் புத்தகம் பென்சில் ஒன்றுடன் சேர்த்து விற்கப்பட்டபோது அமெரிக்கா முழுவதும் இப்பித்தம் பரவியது. நியூயார்க் பொது நூலகத்தில் புதிர்க்காரர்கள் அகராதிகளை மொய்த்துக் கொண்டதால் உண்மையான படிப்பாளிகள் அவற்றை அணுக முடியவில்லை என்று நூலகத்தார் குறைப்பட்டுக் கொண்டனர். அமெரிக்கர் இதற்கு அடிமைப்பட்டனர் என்று 1924இல் எள்ளிய லண்டன் டைம்ஸ் இதழ், 1930 பிப்ரவரி முதல் நாள் தானும் ஒரு புதிரை வெளியிட்டு வரிசையில் சேர்ந்து கொண்டது. எள்ளியவர்களே ஏந்திக் கொள்வது பத்திரிகை உலகில் புதிதன்று.

புதிரை விடுவிப்பவரைப் பற்றியே எல்லாரும் பேசுவர். அமைப்பவரைப் பற்றிப் பேசுவார் குறைவு. விடுவிப்பவர்க்குக் குறிப்பு என்னும் ஊன்றுகோல் உண்டு. அமைப்பவர்க்கு அதுவும் இல்லை. கட்டத்தில் இரண்டு மூன்று சொற்களை அவர் விரும்பியபடி இடலாம். அதன்பின் ஒவ்வொரு சொல்லும் முன்னே நின்ற சொற்களின் எழுத்துகளால் கட்டுண்டு விடுகிறது. நீளம் இத்தனை, இரண்டாவது இன்னது, ஐந்தாவது இன்னது என்று கட்டமே அவருக்கு ஆணையிடுகிறது. அந்த ஆணைக்கு உட்பட்டு எந்தச் சொல் வாயில் வருகிறதோ அதனை இடுகிறார். குறிப்பைப் பிறகு எழுதுகிறார். சொல் வந்த பிறகே பொருள் வருகிறது. இந்த ஒன்றை நினைவில் வைத்துக் கொள்ளல் வேண்டும்.

1930களின் பொருளாதாரச் சரிவில் வேலையிழந்த நியூயார்க் கட்டடக் கலைஞர் ஆல்பிரட் பட்ஸ், எழுத்துகளை எண்ணுவதில் போவின் லெக்ராண்டையும் விஞ்சினார். செய்தித்தாள் பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறதென்று கையால் எண்ணிக் கணக்கிட்டார். அக்கணக்கின் பயனாகவே இன்று உலகம் அறிந்த ஸ்க்ராபிள் ஆட்டத்தின் 100 வில்லைகளில் ஈ 12 ஆகவும், க்யூவும் இசட்டும் ஒவ்வொன்றாகவும் அமைந்தன. எஸ் மட்டும் கணக்குக்குக் குறைவாக நான்கே வைக்கப்பட்டது. மிகுதியாக வைத்தால் ஆடுவோர் எல்லாச் சொல்லையும் பன்மையாக்கி எளிதில் வென்றுவிடுவர். 1948இல் ஜேம்ஸ் புரூனோ அதற்கு ஸ்க்ராபிள் என்று பெயரிட்டு விற்கத் தொடங்கினார்.

இந்த ஆட்டத்தின் வரலாற்றில் மலேசியாவுக்கும் இடமுண்டு. 2003ஆம் ஆண்டு உலகப் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. வென்றவர் தாய்லாந்து இளைஞர். நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் குடியேறிய நைஜல் ரிச்சர்ட்ஸ் ஆங்கிலப் போட்டியில் ஐந்து முறை உலக வாகையர் ஆனவர். அவர் 2015இல் பிரெஞ்சு மொழிப் போட்டிக்குச் சென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சில வாரங்களில் பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனத்தில் ஏற்றிக்கொண்டு போய், பிரெஞ்சுக்காரர்களையே வென்று திரும்பினார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அவ்வாறே வென்றார். பொருள் குறியாத சொல் இல்லை என்ற தொல்காப்பியர் கொள்கையைக் கற்பிக்கும் தமிழாசிரியர் இச்செய்தியைக் கேட்டு முகம் சுளித்தால் வியப்பில்லை. எழுத்துக் கோவையாக மட்டும் ஒரு மொழியை உள்ளத்தில் ஏற்ற முடியும் என்பதை அவர் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டார். அது மொழியறிவா என்பது வேறு கேள்வி. அன்று என்றே சொல்ல வேண்டும். ஆயினும் அது பெருந்திறன் என்பதை மறுக்க முடியாது.

தேடும் பணியைப் பின்னர்ப் பொறிகள் ஏற்றுக் கொண்டன. 1970களில் கென் தாம்சன் அமைத்த க்ரெப் என்னும் கணினிக் கட்டளைக்குத் தெரிந்த எழுத்தை அப்படியே எழுதித் தெரியாத எழுத்தின் இடத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். பட்டியலிலுள்ள பொருந்தும் சொற்கள் எல்லாம் நொடியில் வந்து நிற்கும். தமிழில் புள்ளி உயிரை நீக்குகிறது. அங்கே புள்ளி எந்த எழுத்தும் ஆகலாம் என்று இடங்கொடுக்கிறது. 2021இல் ஜோஷ் வார்டில் என்பவர் பரப்பிய ஐந்தெழுத்துச் சொல் ஆட்டம் பொறிகளின் உதவி மலிந்த காலத்திலும் மக்கள் தம் மூளையால் தேடவே விரும்புகின்றனர் என்று காட்டியது. ஆட்டத்துக்குரிய ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறத்தாழ 12,000 இருந்தன. அவற்றுள் பெரும்பாலான சொற்கள் யாரும் அறியாதவை. ஆகவே வழக்கிலுள்ளவற்றை மட்டும் விடையாகப் பிரித்தெடுத்தனர். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதனை விலைக்கு வாங்கியது.

காலத்தால் இவற்றுக்கு முற்பட்டதாயினும் இறுதியில் வைத்துக் கூறத்தக்க அந்தத் தலைமையாசிரியரின் வரலாறு இது.

லண்டன் டெய்லி டெலிகிராப் நாளிதழ் 1925ஆம் ஆண்டு முதலே குறுக்கெழுத்துப் புதிர் வெளியிட்டு வந்தது. தொடக்கம் முதல் அதனை அமைத்தவர் லியனார்ட் டா என்னும் ஆசிரியர். அப்புதிரின் பெயர் போர்க்காலத்தில் படைத்துறையின் காதுக்கும் எட்டியது. 1942 ஜனவரியில் அப்புதிரை 12 நிமிடங்களுக்குள் விடுவிக்கும் போட்டி ஒன்று அந்த இதழின் அலுவலகத்தில் நடத்தப்பட்டது. போட்டியில் கலந்து கொண்டவருள் சிலர்க்குச் சில வாரங்களில் படைத்துறையிலிருந்து கடிதம் வந்தது; பகைவரின் மறைமொழிகளை உடைக்கும் பிளெட்ச்லி பார்க் நிலையத்துக்கு அவர்கள் அழைத்துக் கொள்ளப்பட்டனர். லெக்ராண்டின் கதையிலே கண்ட திறன் இப்போது அரசுக்கு வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு ஆகஸ்டில் நிலைமை வேறு வகையாகத் திரும்பியது. பிரெஞ்சுத் துறைமுகம் என்ற குறிப்புக்கு விடையாக டியெப் என்னும் ஆறெழுத்து ஊர்ப்பெயர் டெலிகிராப் புதிரில் வந்தது. ஆகஸ்ட் 19 அன்று நேச நாட்டுப் படையினர் ஏறத்தாழ 6,000 பேர் அந்த டியெப் துறைமுகத்தையே தாக்கிப் பேரிழப்புடன் திரும்பினர். யாரேனும் பகைவர்க்கு முன்னறிவிப்புத் தந்தார்களோ என்று ஆராய்ந்த அதிகாரிகள், அது தற்செயலே என்று முடிவு செய்தனர்.

1944இல் அவ்வாறு எளிதாக முடிவு செய்ய இயலவில்லை. நார்மண்டிக் கடற்கரையில் இறங்கும் பெரும்படையெடுப்புக்கு ஏற்பாடுகள் நடந்து கொண்டிருந்தன. முழுத் திட்டத்துக்கும் ஓவர்லார்ட், அதன் கடற்படைப் பகுதிக்கு நெப்டியூன், மிதவைத் துறைமுகத்துக்கு மல்பெரி, அமெரிக்கர் இறங்கும் இரு கரைகளுக்கு யூட்டா, ஓமஹா என்று மறைபெயர்கள் இடப்பட்டிருந்தன. மே 2 அன்று வந்த டெலிகிராப் புதிரில் யூட்டா விடையாக அமைந்தது. மே 22இல் ஓமஹா வந்தது. மே 27இல் ஓவர்லார்ட். மே 30இல் மல்பெரி. ஜூன் முதல் நாள் நெப்டியூன். ஐந்தும் ஒரு மாத காலத்துக்குள்! படையெடுப்புக்கு இன்னும் சில நாள்களே இருந்தன.

எம்.ஐ.5 எனப்படும் உளவுத்துறையினர் டாவைத் தேடி வந்து வினவினர். அப்போது அவர் ஸ்ட்ராண்ட் பள்ளியின் தலைமையாசிரியர். குண்டுவீச்சுக்கு அஞ்சி அப்பள்ளி லண்டனிலிருந்து சரே மாவட்டத்து எஃபிங்ஹம் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டிருந்தது. இந்தச் சொற்களை ஏன் இட்டீர் என்பது அதிகாரிகளின் கேள்வி. புதிர் அமைப்போர் எவரும் இக்கேள்விக்கு விடை சொல்ல முடியாது. அச்சொற்கள் கட்டத்துக்குப் பொருந்தின என்பது ஒன்றே உண்மையான விடை. ஆனால் கேட்பவருக்கு அது மழுப்பலாகவே தோன்றும்.

ஓவர்லார்ட் என்னும் சொல்லையே எடுத்துக் கொள்க. எட்டெழுத்து. முதலில் ஓ, மூன்றாவது ஈ, ஐந்தாவது எல், கடைசியில் டி என்று கட்டம் கேட்பதாகக் கொள்வோம். மேலதிபதி என்னும் பொருளுடைய ஓவர்லார்ட் பொருந்தும். தரைவழி என்னும் பொருளுடைய ஓவர்லாண்ட் பொருந்தும். மிகைச்சுமை என்னும் பொருளுடைய ஓவர்லோடும் பொருந்தும். ஆறாம் எழுத்தும் ஓ என்று கட்டுப்பட்டுவிட்டால் முதலதும் மூன்றாவதும் எஞ்சும். அவ்விரண்டுக்கும் ஏழாம் எழுத்து ஒன்றே வேறுபாடு. அங்கே ஏ இருந்தால் அது வண்டிக்காரன் வாயில் வழங்கும் சொல். ஆர் இருந்தால் உலகப் போரின் தலையாய மறைபொருள். புதிரமைப்பவர் பென்சிலுக்கு இரண்டும் ஒன்றே.

இவ்வகையில் பார்த்தால் டா குற்றமற்றவர் என்பதற்குக் கட்டமே சான்று எனலாம். உளவுத்துறையும் அவரிடம் குற்றம் காணாது விட்டுவிட்டது. ஜூன் 6 அன்று படைகள் கரையிறங்கின. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் 1958இல் அவர் பி.பி.சி. தொலைக்காட்சியில் தோன்றித் தாம் வினவப்பட்டதைப் பற்றிப் பேசினார். 1963இல் காலமானார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1984இல் அவருடைய பழைய மாணவர் ஒருவர் புதிய செய்தி ஒன்றைச் சொன்னார். தலைமையாசிரியர் தம் அறைக்குப் பையன்களை அழைத்து, வெற்றுக் கட்டங்களைக் கொடுத்துச் சொற்களால் நிரப்பச் சொல்வாராம். மூளைக்கு நல்ல பயிற்சி என்பது அவர் கருத்து. நிரம்பிய கட்டத்துக்கு அவர் பின்னர்க் குறிப்பு எழுதிக் கொள்வார். பள்ளிக்கு அருகே அமெரிக்க, கனடியப் படை முகாம்கள் இருந்தன. அங்கே சுற்றித் திரிந்த அப்பையன், படைவீரர் பேச்சில் அடிபட்ட பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்து, கட்டத்திலும் இட்டதாகக் கூறினார். அதிகாரிகள் வந்து போன பின்னர்த் தலைமையாசிரியர் தம்மை அழைத்து, அக்குறிப்பேடுகளைக் கண்டு திடுக்கிட்டு, எரித்துவிடச் செய்து, எவரிடமும் சொல்வதில்லை என்று விவிலியத்தின்மேல் சத்தியம் வாங்கிக் கொண்டார் என்றும் சொன்னார்.

இதனை முழுதும் நம்புவதற்குத் தடைகள் உண்டு. மறைபெயர்கள் சாதாரணப் படைவீரர்க்குச் சொல்லப்படுவன அல்ல. சொன்னாலும் எந்தப் பெயர் எந்தக் கரைக்கு உரியது என்று அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. மற்றொரு பக்கம் நோக்கினால், பொருள் தெரிய வேண்டிய தேவையே அங்கில்லை. யூட்டா நான்கெழுத்து, ஓமஹா ஐந்தெழுத்து. உயிர்கள் நிறைந்து கட்டத்தில் எளிதில் அமரக்கூடியவை. காதில் விழுந்த புதிய சொல்லைக் கட்டத்தில் வைத்துப் பார்க்கும் ஆசை எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் இயல்பு. ஐந்து பெயர்களும் ஒரே மாதத்தில் தற்செயலாகக் கூடின என்பதைவிட, கேட்ட காதுகளும் நிரப்பிய கைகளும் அப்பள்ளியிலேயே இருந்தன என்பதே நம்பத்தக்கதாகப் படுகிறது.

சான்றாகக் கூடிய குறிப்பேடுகள் எரிந்துவிட்டன. டாவும் 21 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். விடைகள் நிரம்பிய அந்தக் கட்டங்கள் மட்டும் 1944ஆம் ஆண்டு டெலிகிராப் இதழ்களில் அச்சிட்டபடியே இருக்கின்றன.